தீயணைப்புப் பீச்சுமுனையின் எதிர்விசை

தீயணைப்புக் குழாயின் பீச்சுமுனையிலிருந்து (நாசில்) நீர் முன்னோக்கிப் பாயும்போது, அதைப் பிடித்திருப்பவரைப் பின்னோக்கித் தள்ளும் விசை எதிர்விசை எனப்படும். இது நியூட்டனின் மூன்றாம் இயக்க விதியின் விளைவு.

கணக்கிடும் முறை

ஒரு நொடியில் வெளியேறும் நீரின் நிறையை அதன் வேகத்தால் பெருக்கினால் எதிர்விசை கிடைக்கும். நேரான நீர்த்தாரைக்கு இதையே அழுத்தத்தைக் கொண்டும் காணலாம்:

எதிர்விசை = 2 × முனையின் அழுத்தம் × துளையின் பரப்பு

அழுத்தத்தைப் பாரிலும் துளை விட்டத்தை மில்லிமீட்டரிலும் எடுத்துக்கொண்டால்:

எதிர்விசை (நியூட்டன்) = 0.157 × அழுத்தம் × விட்டம்²

எடுத்துக்காட்டு

விட்டம் 20 மி.மீ., அழுத்தம் 5 பார் எனில்,
0.157 × 5 × 400 = 314 நியூட்டன்.
இது ஏறத்தாழ 32 கிலோ எடைக்குச் சமம்.

சரிபார்ப்போம்: நீரின் வேகம் நொடிக்கு 31.6 மீட்டர், வெளியேறும் நீர் நொடிக்கு 9.93 கிலோ. பெருக்கினால் அதே 314 வருகிறது.

பாதுகாப்பு

அழுத்தம் இருமடங்கானால் விசையும் இருமடங்காகும். ஆனால் அதே அழுத்தத்தில் விட்டம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். மேற்கண்ட முனை 40 மி.மீ. ஆனால் விசை 1256 நியூட்டன். அதைக் கையில் பிடித்து நிற்க இயலாது. எனவே பெரிய தாரைகளை வண்டியிலோ தரையிலோ பொருத்திய தாங்கியிலிருந்து பீச்சுகின்றனர். கைநழுவிய முனை சாட்டைபோல் சுழன்று அருகில் நிற்பவரைத் தாக்கும். ஆகவே வால்வை மெல்லத் திறக்க வேண்டும்; பின்னால் ஒருவர் குழாயைத் தாங்கி நிற்க வேண்டும்.