நீலத் தொப்பி போட்ட தம்பிகள்: சுடப் பழகினவங்களுக்குச் சுடாம நிக்கிற வேலை

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்கத் தோதாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

பூதப்பாண்டியில இருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாரு. அக்னிவீர் ஆள் எடுப்புக்காக தினமும் விடியக்காலம் ஓடுறாராம். அவரோட கேள்வி இது: "அண்ணே, பட்டாளத்துல சேந்தா ஐ.நா. சபைக்குன்னு ஆப்பிரிக்காவுக்கெல்லாம் அனுப்புவாங்களாம்லா? டாலர்ல சம்பளமாம்லா? உள்ளதா?"

பாதி உள்ளது தம்பி. டாலர் கணக்கை முதல்ல முடிச்சிருவோம்.

ஐ.நா.வுக்குன்னு சொந்தமா ராணுவம் கிடையாது. உறுப்பு நாடுகள் ஆள் அனுப்புது, ஐ.நா. ஒரு ஆளுக்கு மாசம் 1,400 டாலருக்குக் கொஞ்சம் மேல அந்த நாட்டு அரசாங்கத்துக்குக் கொடுக்குது. கவனிங்க, அரசாங்கத்துக்கு. சிப்பாய்க்கு வர்றது அவரோட வழக்கமான இந்தியச் சம்பளமும், வெளிநாட்டுல இருக்கிறதுக்கு நம்ம அரசு தர்ற படியும். ஐ.நா. நேரடியா அவர் கையில கொடுக்கிற தினப்படி எவ்வளவு தெரியுமா? நாளைக்கு 1.28 டாலர். இன்னைக்கு விலைக்கு நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல. நாகர்கோவில்ல ஒரு பிரியாணி கூட வராது.

இன்னொண்ணு, சிப்பாய்க்கு இதுல விண்ணப்பம்னு ஒண்ணு கிடையாது. ஒரு பட்டாலியனைத் தேர்ந்தெடுத்தா அந்தப் பட்டாலியனே போகும். ராணுவப் பார்வையாளர், தலைமையக வேலை மாதிரி தனி ஆளாப் போற இடங்களுக்குப் பெரும்பாலும் அதிகாரிகள்தான் போறாங்க. அக்னிவீரா சேர்றவங்களுக்குப் பணி மொத்தம் நாலு வருஷம், அதுக்கப்புறம் அதிகபட்சம் 25 சதவீதம் பேருக்குத்தான் நிரந்தரம். அந்த நாலு வருஷத்துல முதல் ஆறேழு மாசம் பயிற்சியிலேயே போயிரும். அதனால ஐ.நா.வை நம்பி கல்யாணத்துக்கு நாள் குறிச்சிராதீங்க.

பயிற்சின்னு சொன்னேன்ல, நான் உண்மையில பேச வந்தது அங்கதான் ஆரம்பிக்குது.

ஆள் எடுப்புல 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிஷத்துக்குள்ள ஓடினா முழு மார்க். மதராஸ் ரெஜிமென்ட்ல இடம் கிடைச்சா அடுத்து நீலகிரி, குன்னூர் பக்கத்துல வெலிங்டன். சுமார் ஆறாயிரம் அடி உயரம். நாஞ்சில் நாட்டு வெயில்ல வளர்ந்தவனுக்கு முதல் எதிரி அந்தக் குளிர்தான். ரெண்டாவது எதிரி இந்தி. தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் பேசுற பசங்க எல்லாரும் ஒரே பாரக்ல கிடந்து ராணுவ இந்தியைப் பிடிச்சாகணும்.

இந்த ரெஜிமென்ட்டுக்கும் உங்க ஊருக்கும் பழைய சொந்தம் ஒண்ணு உண்டு. இதோட 9வது பட்டாலியன் பழைய திருவிதாங்கூர் படையில இருந்து வந்தது. அதோட தொடக்கத்தை 1704, பத்மநாபபுரம்னு சொல்வாங்க. 1741ல குளச்சல்ல மார்த்தாண்ட வர்மாவோட படை டச்சுக்காரங்களைத் தோற்கடிச்சதை இன்னைக்கும் ரெஜிமென்ட் தன்னோட பெருமையாக் கொண்டாடுது. பூதப்பாண்டின்னா நமக்கு ஜீவா பிறந்த ஊர்னு தெரியும். ஆனா 1956 வரைக்கும் அது திருவிதாங்கூர் பக்கம், அங்கிருந்து பட்டாளத்துக்குப் போறது புதுசு இல்ல.

வெலிங்டன்ல என்ன கத்துக் கொடுக்கிறாங்க? ஓட்டம், டிரில், துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டுறது, ரேஞ்சுல சுடுறது, கயிறு ஏறுறது, ஒன்பது அடிப் பள்ளம் தாண்டுறது. இதெல்லாம் வெளியில தெரியுற பாடம். உள்ளுக்குள்ள நடக்கிறது வேற. யோசிக்காமச் செய்யப் பழக்குறாங்க. உத்தரவு காதுல விழுந்ததும் உடம்பு நகரணும், நடுவுல மூளை கேள்வி கேக்கக் கூடாது. சண்டைக் களத்துல அந்த அரை நொடியிலதான் உயிர் இருக்கு, அதனால இதுல தப்பு சொல்ல முடியாது. ரெஜிமென்ட்டோட போர்முழக்கமே "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு". மாசக்கணக்கா அதைத் தொண்டை கிழியக் கத்திட்டு, கடைசியில தேசியக் கொடிக்கு முன்னால சத்தியப் பிரமாணம் எடுத்துட்டு வெளிய வர்றான் ஒரு பத்தொன்பது வயசுத் தம்பி. 'தம்பி'ங்கிறதை நான் சும்மா சொல்லல. மதராஸ் ரெஜிமென்ட்காரங்களுக்கு ராணுவத்துல செல்லப் பேரே 'தம்பி'தான்.

இப்போ அதே மாதிரி ஒருத்தனோட பட்டாலியன் ஐ.நா. பணிக்குத் தேர்வாகுதுன்னு வைங்க. கிளம்புறதுக்கு முன்னால தனியா ஒரு பயிற்சி. இதுக்காகவே டெல்லியில 2000ல ஒரு மையம் தொடங்கினாங்க. மஞ்சள் காய்ச்சல் ஊசி, மலேரியா மாத்திரை, போற நாட்டோட பழக்கவழக்கம், பெண்கள் குழந்தைகள்கிட்ட நடந்துக்கிற விதம் எல்லாம் உண்டு. வண்டிகளுக்கு வெள்ளைப் பெயின்ட் அடிச்சு 'யூ.என்.'னு எழுதுறாங்க. பச்சைத் தொப்பி போய் நீலத் தொப்பி வருது. சட்டைப்பையில ஒரு சின்ன அட்டை வருது. எப்போ சுடலாம், எப்போ கூடாதுங்கிற விதி அதுல இருக்கும்.

முதல்ல வாயால எச்சரிக்கணும், முடிஞ்சா அந்த ஊர் மொழியில. கேக்கலைன்னா ஆயுதத்தைக் காட்டணும். அப்புறம் எச்சரிக்கைச் சுடுதல். எதுவும் பலிக்காம உயிருக்கு ஆபத்துன்னாதான் குறி வெச்சுச் சுடலாம், அதுவும் தேவையான அளவுக்கு மட்டும். வெலிங்டன்ல எடுத்து வெளிய போட்ட அரை நொடியை இங்க திரும்ப உள்ள வைக்கிறாங்க. ஒளிஞ்சு நிக்கப் பழகினவனை, எல்லாருக்கும் தெரியுற மாதிரி வெள்ளை வண்டியில நீலத் தொப்பியோட நிக்க வைக்கிறாங்க.

இதுக்குப் பின்னால மூணு கொள்கை இருக்கு. சண்டை போடுற தரப்புகளோட சம்மதம். யார் பக்கமும் சாயாம இருக்கிறது. தற்காப்புக்கும், கொடுத்த பொறுப்பைக் காப்பாத்துறதுக்கும் தவிர பலத்தைப் பயன்படுத்தாம இருக்கிறது. கேக்க ஸ்கூல் புத்தகம் மாதிரி இருக்கும். இது இல்லைன்னா என்ன ஆகும்ங்கிறது தமிழர்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு வேற யாருக்கும் தெரியாது.

'அமைதிப்படை'ன்னு கூகுள்ல தேடினா முதல்ல சத்யராஜ் வருவாரு, அமாவாசையா. 1994 படம். ஆனா அதுக்கு முன்னால அந்த வார்த்தைக்கு நம்ம ஊர்ல ஒரே அர்த்தம்தான்: 1987ல இலங்கைக்குப் போன இந்திய அமைதி காக்கும் படை. அது ஐ.நா. படை இல்ல. ஜூலை 29ஆம் தேதி ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்புல போட்ட ஒப்பந்தத்துப்படி போனது. விடுதலைப் புலிகள் அந்த ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடல. போன முதல் நாட்கள்ல யாழ்ப்பாணத்துல மாலை போட்டு வரவேற்பு. அக்டோபர்லயே முழுச் சண்டை. நடுவுல நிக்கப் போன படை ஒரு தரப்பா ஆயிடுச்சு.

அந்த அக்டோபர் 21ல யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ள இந்தியப் படை நுழைஞ்சப்போ நோயாளிகள், டாக்டர்கள், நர்சுகள்னு 60க்கும் மேற்பட்டவங்க கொல்லப்பட்டாங்க. அடுத்த மாசம் 25ஆம் தேதி மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் யாழ்ப்பாணத்துக்கு வடக்கே ஒரு மோதல்ல இறந்தாரு. பம்பாயில பிறந்த தமிழர், பரம் வீர் சக்ரா வாங்கினவர். இந்த ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்றது சிலருக்குப் பிடிக்காது. ஆனா ரெண்டும் ஒரே படையோட கதைதான், ஒண்ணை மறைச்சுட்டு இன்னொண்ணைச் சொல்ல எனக்கு மனசு வரல. சுமார் 1,200 இந்திய வீரர்கள் திரும்பி வரல. 1990 மார்ச்ல கடைசியா வந்தவங்களைச் சென்னைத் துறைமுகத்துல வரவேற்கிற நிகழ்ச்சிக்கு அப்போதைய முதல்வர் கருணாநிதி போகல. வந்து இறங்கின சாதாரணச் சிப்பாய்க்கு அது எப்படி இருந்திருக்கும்னு நான் பலமுறை யோசிச்சிருக்கேன். அவன் விண்ணப்பம் போட்டுப் போன இடம் இல்ல அது.

சரி, விதியெல்லாம் ஒழுங்கா இருக்கிற ஐ.நா. பணியில எல்லாம் சுமுகமா நடக்குமான்னா, அதுவும் இல்ல.

தென் சூடானுக்குப் போவோம். 2011ல சுதந்திரம் வாங்கின நாடு, 2013 டிசம்பர்ல உள்நாட்டுப் போர். எத்தியோப்பிய எல்லைப் பக்கம் அகோபோன்னு ஒரு ஊர்ல ஐ.நா.வோட சின்ன முகாம். நாற்பதைச் சொச்சம் இந்திய வீரர்கள். டிங்கா இனத்தைச் சேர்ந்த பொதுமக்கள் முப்பதுக்கும் மேற்பட்டவங்க அங்க தஞ்சம் புகுந்தாங்க. டிசம்பர் 19ஆம் தேதி நுவேர் இளைஞர்கள் சுமார் 2,000 பேர் ஆயுதத்தோட முகாமைத் தாக்கினாங்க. இந்திய வீரர்கள் ரெண்டு பேர் இறந்தாங்க, ஒருத்தருக்குக் காயம். தஞ்சம் கேட்டு வந்தவங்கள்லயும் பலர் கொல்லப்பட்டாங்க. நாற்பது பேர் கையில இருந்த அட்டையில எழுதியிருந்த எந்த வரியும் அந்தக் கணக்கைச் சரி பண்ணியிருக்காது.

இதுக்கு நேர் எதிரான தப்பு 2016 பிப்ரவரியில மலக்கால்ல நடந்துச்சு. அங்க ஐ.நா. முகாமுக்குள்ள பல்லாயிரம் அகதிகள். காவலுக்கு இந்தியா, எத்தியோப்பியா, ருவாண்டா படைகள். உள்ளுக்குள்ள மோதல் வெடிச்சு, வெளிய இருந்தும் ஆயுததாரிகள் நுழைஞ்சு, 25க்கும் மேற்பட்டவங்க செத்தாங்க, முகாமோட பெரும்பகுதி எரிஞ்சுபோச்சு. அமைதிப் படையினர் சீக்கிரமா எதிர்வினை செய்யலைன்னும், எப்போ பலத்தைப் பயன்படுத்தலாம்ங்கிற விதியிலேயே குழப்பம் இருந்துச்சுன்னும் ஐ.நா. விசாரணையே சொல்லிச்சு.

யாழ்ப்பாணத்துல சுட்டது குற்றமாச்சு, மலக்கால்ல சுடாம நின்னது குற்றமாச்சு. இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்க நிக்கணும்னு முடிவெடுக்க வேண்டியது டெல்லியிலயோ நியூயார்க்லயோ இருக்கிறவர் இல்ல. பல நேரம் அது வாசல்ல நிக்கிற செக்ஷன் கமாண்டர், ஒரு ஹவில்தார். அவர்கிட்ட யாருமே யோசிக்கச் சொன்னதில்ல, திடீர்னு எல்லாமே அவர் யோசனையில தொங்குது.

மத்த நாட்கள்? சலிப்புதான். ரோந்து, மணல் மூட்டை, ஜெனரேட்டர் சத்தம். மழைக்காலத்துல தென் சூடானோட கரிசல் சேறு வண்டியை அப்படியே விழுங்கிரும். உலக அளவில பாத்தா அமைதிப் படையினர் தாக்குதல்ல சாகிறதை விட நோயிலயும் விபத்துலயும் சாகிறதுதான் அதிகம். எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு: அதே மலக்கால்ல நம்ம ராணுவத்தோட மாட்டு டாக்டர்கள் ஒரு கால்நடை ஆஸ்பத்திரி நடத்துறாங்க. அந்த நாட்டுல மாடுதான் சொத்து, மாடுதான் பெண்ணுக்குக் கொடுக்கிற பரிசம், மாட்டுக்காகத்தான் பாதிச் சண்டையே. ஒருத்தனோட மாட்டைப் பிழைக்க வெச்சா, அடுத்த தடவை ரோந்து போகும்போது அவன் கல்லெடுக்க மாட்டான். அதுக்கு எந்த அட்டையும் தேவையில்ல.

இந்தியா இதுவரைக்கும் 50க்கும் மேற்பட்ட ஐ.நா. பணிகளுக்குச் சுமார் 2,90,000 பேரை அனுப்பியிருக்கு. கிட்டத்தட்ட 180 பேர் இறந்திருக்காங்க, வேற எந்த நாட்டையும் விட அதிகம்.

தம்பிக்குக் கடைசியா ஒரு தகவல். இந்த வாசல் இப்போ சுருங்கிட்டு வருது. மாலி நாட்டுப் பணி 2023 டிசம்பரோட மூடியாச்சு. லெபனான் பணியை 2026 டிசம்பர் 31ஓட முடிக்கணும்னு பாதுகாப்பு கவுன்சில் 2025 ஆகஸ்ட்ல தீர்மானம் போட்டிருக்கு. 1998ல இருந்து அங்க மாறி மாறிப் போய் நிக்கிற இந்திய பட்டாலியனுக்கும் அதோட மூட்டை கட்டுற நேரம்தான்.