பிள்ளையின் அறையை யார் கூட்டுவது?

தாய்மார்களே, தந்தைமார்களே! வேலை முடிந்து வீடு திரும்புகிறீர்கள். பிள்ளையின் அறைக் கதவைத் திறந்தால் மடிக்காத போர்வை, கட்டிலுக்கடியில் பள்ளிச் சீருடை, சன்னலோரம் பாதி குடித்த மைலோ கோப்பை, அதில் மொய்க்கும் எறும்பு! "என் அறை எப்படி இருந்தால் உங்களுக்கென்ன?" என்கிறான் பிள்ளை. உங்கள் குரல் உயர்கிறது. சில வீடுகளில் ரோத்தானும் இறங்குகிறது. பிள்ளையை வற்புறுத்தத்தான் வேண்டுமா? அவன் போக்கிலேயே விட்டுவிடலாமா? சற்று நிதானமாக எண்ணிப் பார்ப்போம்.

நம் தாத்தா பாட்டி காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. ரெங்கம், லாயாங்-லாயாங், குளுவாங் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களின் லயன் வீடுகளில் பிள்ளைக்கென்று தனி அறை ஏது? பாய் விரித்த இடமே படுக்கையறை. விடிந்ததும் பாயைச் சுருட்டாவிட்டால் நடக்க வழியிருக்காது. ஒழுங்கை அந்த இடமே கற்றுக் கொடுத்தது. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; பல குடும்பங்கள் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. கதவுள்ள அறை கிடைத்தது. கதவோடு வாக்குவாதமும் சேர்ந்து வந்தது. ஓர் அறையில் நான்கு பேர் படுக்கும் வீடுகளும் இன்னும் உண்டு. அங்கே ஓர் அலமாரித் தட்டுதான் பிள்ளையின் 'அறை'.

முதலில் உடல்நலத்தைப் பார்ப்போம். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு, வீட்டுக்குள் இருட்டு மூலைகளிலும் தொங்கும் துணிகளுக்கு இடையிலும் ஒளிந்திருக்கும். சிறு பாத்திரத்தில் தேங்கிய தெளிந்த நீரே அது முட்டையிடப் போதும். ஏழு முதல் பத்து நாட்களுக்குள் முட்டை கொசுவாகிப் பறந்துவிடும். கொசு பெருக இடங்கொடுப்பதை நம் நாட்டில் 1975-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாகவே கருதுகிறது. ஆகவே எச்சில் கோப்பை, ஈரத்துணி, தேங்கிய நீர் ஆகிய மூன்றும் பிள்ளையின் சொந்த விவகாரம் அல்ல. இவற்றில் விட்டுக் கொடுக்காதீர்கள்.

ஆனால் எப்படி வற்புறுத்துவது? இதற்கு நம் இனத்தாரிடையே நடந்த ஒரு சான்று உண்டு. 1860 முதல் கரும்புத் தோட்ட வேலைக்காகத் தமிழர்கள் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றார்கள். பின்னர் அந்நாட்டில் காந்தியடிகள் சத்தியாக்கிரகம் நடத்தியபோது, சிறை சென்றோரின் குடும்பங்கள் தங்குவதற்காக 1910-இல் ஜோகன்னஸ்பர்க் அருகே டால்ஸ்டாய் பண்ணை அமைந்தது. நிலத்தைக் கொடுத்தவர் அவருடைய நண்பர் காலன்பாக். அங்கே தமிழர் பலர் இருந்தனர். வேலைக்காரர் எவரும் இல்லை. சமையல் முதல் கழிவு அகற்றுவது வரை எல்லாரும் செய்தனர், பிள்ளைகளும் செய்தனர். ஆனால் ஆசிரியர் தாம் செய்யாத வேலையைப் பிள்ளைகளிடம் சொல்லக்கூடாது என்பது அங்கே வழக்கம். உடன் நின்று செய்தார்கள்; பிள்ளைகளும் மலர்ந்த முகத்தோடு செய்தார்கள். கட்டளை இடுவதைவிடக் கூட நின்று செய்வது எவ்வளவு மேல், பாருங்கள்!

சிறு பிள்ளைகளுக்கு மரியா மாண்டிசோரி அம்மையார் காட்டிய வழி நல்லது. 1907-இல் ரோமாபுரியின் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் அவர் முதல் பள்ளியைத் திறந்தார். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். பிள்ளையின் உயரத்துக்கு ஏற்ற தட்டு, கைக்கு அடங்கும் துடைப்பம் கொடுத்தால் மூன்று நான்கு வயதுப் பிள்ளையும் தானே ஒழுங்குபடுத்தும் என்பது அவர் கண்ட உண்மை. நாமோ கைக்கெட்டாத உயரத்தில் ஆணியை அடித்துவிட்டு, "சட்டையை மாட்டவில்லையே" என்று திட்டுகிறோம்! ஒரு தாழ்ந்த ஆணியும் ஒரு பழைய பிஸ்கட் டின்னும் போதும். செலவே இல்லை.

வளர்ந்த பிள்ளைகளிடம் வேறு விதமாக நடக்க வேண்டும். பதினைந்து வயதுப் பெண்ணின் மேசை மேல் புத்தகங்கள் குவிந்து கிடந்தால் கிடக்கட்டும்; எந்தப் புத்தகம் எங்கே என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய டைரியையும் இழுப்பறையையும் 'சுத்தம் செய்கிறேன்' என்று கிளறாதீர்கள். சுவரில் எந்தப் படம் ஒட்டுவது என்பதையும் அவளே முடிவு செய்யட்டும். எப்போதும் ஒழுங்காக இருந்த பிள்ளை திடீரென்று எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டால், அதட்டுவதற்கு முன் பக்கத்தில் அமர்ந்து என்னவென்று கேளுங்கள். மனக்கவலைகூட அப்படி வெளிப்படும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் துடைப்பம் யார் கையில் இருக்கிறது? அக்காள் தன் அறையையும் கூட்டுகிறாள், தம்பியின் அறையையும் கூட்டுகிறாள். தம்பி பந்து விளையாடப் போய்விடுகிறான். நாளை சிங்கப்பூருக்கோ ஜொகூர் பாருவுக்கோ வேலைக்குப் போய் அவன் தனியாகத் தங்கும்போது அக்காளா கூட வருவாள்? அவள் படிக்கும் நேரத்தை எடுத்து அவனுக்குக் கொடுப்பது நியாயமா?

ஆகவே, வரும் ஞாயிற்றுக்கிழமை பசியாறிய பின் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ரோத்தான் வேண்டாம், வானொலியில் பாட்டு ஓடட்டும். அப்பா தம் அலமாரியை அடுக்கட்டும், மகன் தன் கட்டிலடியைக் கூட்டட்டும், மகள் தன் மேசையைத் துடைக்கட்டும், அம்மா சற்று உட்காரட்டும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். நாற்பதைத் தாண்டிய அப்பாக்களே, நீங்களும் சற்று வளைந்துதான் பாருங்களேன்!