மின்சாரம் போனபின் லிஃப்ட்டை நகர்த்துவது யார்?

மின்சாரம் போனால் லிஃப்ட் அறுந்து விழும் என்று பயப்படுவோர் இன்றும் உண்டு. நடப்பது நேர்மாறு. மோட்டாரின் பிரேக்கைத் திறந்து வைத்திருப்பதே மின்சாரம்தான். அது நின்றதும் ஸ்பிரிங் பிரேக்கை இறுக்கிவிடும், பெட்டி இருந்த இடத்திலேயே நிற்கும். ஆபத்து அதற்குப் பிறகுதான். இரண்டு மாடிகளுக்கு நடுவே சிக்கியவர் பொறுமை இழந்து கதவை நெம்பி வெளியே குதித்தால், பெட்டிக்கு அடியில் இருக்கும் இடைவெளி வழியாக லிஃப்ட் குழிக்குள்ளேயே விழக்கூடும்.

இந்த நிலை வராமலிருக்கத்தான் ஏ.ஆர்.டி. என்னும் தானியங்கி மீட்புக் கருவி. மின்தடை வந்த சில நொடிகளில் அது பேட்டரியைக் கொண்டு பிரேக்கை விடுவித்து, பெட்டியை மெதுவாக அடுத்த தளத்துக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறக்கிறது. இத்தனை பாரத்தைச் சின்ன பேட்டரி எப்படி இழுக்கும்? கயிற்றின் மறுமுனையில் எதிர்எடை தொங்குகிறது. அதன் அளவு, பெட்டியின் எடையும் முழுச்சுமையில் ஏறக்குறைய பாதியும் சேர்ந்தது. ஆகவே ஒருவர் மட்டும் இருந்தால் பெட்டி மேலே போகப் பார்க்கும், நிறைய பேர் இருந்தால் கீழே. நல்ல வடிவமைப்பு, எந்தத் திசை எளிதோ அதில் ஓட்டும்.

ஆனால் இது மின்தடைக்கு மட்டுமே மருந்து. கதவுப் பூட்டில் கோளாறு என்றால் ஏ.ஆர்.டி. அசையக் கூடாது, அசைந்தால் அதுவே விபத்து.

‘எங்களிடம் ஜெனரேட்டர் இருக்கிறதே’ என்பார்கள். டீசல் தீர்ந்திருக்கலாம், அடித்தளத்தில் வெள்ளம் புகுந்திருக்கலாம். 2012 ஜூலை 31 அன்று மின்தொகுப்பு சரிந்தபோது, கிழக்கு இந்திய நிலக்கரிச் சுரங்கங்களில் தூக்கிகள் நின்று, நூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மணிக்கணக்கில் பூமிக்கடியில் காத்திருந்தார்கள்.

உண்மையான பலவீனம் பேட்டரிதான். மெஷின் ரூம் வெப்பத்தில் அது சத்தமில்லாமல் செத்துப்போகும். ‘ஏ.ஆர்.டி. இருக்கிறது’ என்ற பதிலோடு குடியிருப்போர் சங்கம் திருப்திப்படக் கூடாது. பராமரிப்புக்கு வரும் டெக்னீஷியன், ஆளில்லாத பெட்டியை இரு தளங்களுக்கு நடுவே நிறுத்தி, மெயினை அணைத்துக் காட்டட்டும். தேதியும் கையெழுத்தும் பதிவேட்டில் ஏறட்டும். ஏ.எம்.சி. என்னும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத் தொகையில் பேட்டரி மாற்றும் செலவு அடங்குமா என்பதையும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி லிஃப்ட் இயக்க உரிமம் தேவை. அதைக் கவனிப்பது மின் ஆய்வுத் துறை. உரிமமில்லாமலோ ஆபத்தான நிலையிலோ ஓடும் லிஃப்ட் பற்றி அங்கே எழுதலாம். புது அடுக்ககத்தில் பில்டர் வாக்களித்த கருவி இல்லையென்றால் அல்லது பழுதென்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் துணைக்கு வரும்: வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டப்படும் குறையை 30 நாளில், கூடுதல் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். பராமரிப்பு நிறுவனம் இழுத்தடித்தால் நுகர்வோர் உதவி எண் 1915. அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அங்கே அந்தப் பதிவேட்டின் நகல் வாய்ச்சொல்லைவிட அதிகம் பேசும்.

சிக்கிக்கொண்டவர் அலாரத்தை அழுத்திவிட்டு உள்ளேயே இருப்பது நல்லது. காற்றோட்டத் துளைகள் உண்டு, மூச்சு முட்டாது. உதவி தாமதமானால் 112. வெளியே இருப்பவர்கள், முக்கியமாக வாட்ச்மேன், சாவி கையில் இருக்கிறதே என்று தளக்கதவைத் திறந்துவிடக் கூடாது. மெயினை அணைத்து, பெட்டி எங்கே நிற்கிறது என்று பார்த்தபின் பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை அது.