புரையோடும் கட்டியும் சஸ்திர சிகிச்சையும்

சித்தூர், திருப்பதிப் பக்கங்களில் அக்குளிலோ தொடையிடுக்கிலோ கட்டி புறப்பட்டால், சூட்டுக் கட்டி என்று மஞ்சள் பற்றுப் போட்டுப் பழுக்கவைத்துக் கீறிவிடுவார்கள். பெரும்பாலானவை அவ்வளவில் ஆறிவிடும். ஆனால் ஆறிய இடத்திலேயே மறுபடி மறுபடி புறப்பட்டு, சருமத்துக்கு அடியில் ஒன்றோடொன்று இணையும் புரைகளாக வழி தோண்டிக்கொண்டு, வருஷக்கணக்கில் சீழும் துர்நாற்றமுமாக வதைக்கும் வியாதி ஒன்று உண்டு. ஹைட்ராடினைடிஸ் சப்புரேட்டிவா என்பது அதன் வைத்தியப் பெயர். 1839-ல் பிரெஞ்சு வைத்தியர் வெல்போ அதை வர்ணித்தபின் வெகுகாலம் வியர்வைச் சுரப்பியின் நோயென்றே கருதிவந்தார்கள். மயிர்க்கால் அடைபட்டு உள்ளுக்குள் வெடிக்க, உடலின் தற்காப்புச் சக்தி அளவு மீறிக் கிளர்ந்தெழுவதே காரணம் என்று பிற்பாடு தெளிவாயிற்று. அசுத்தத்தால் வருவதன்று, தொட்டால் ஒட்டுவதுமன்று. புகைப்பழக்கமும் உடற்பருமனும் அதை உக்கிரப்படுத்தும். மறைவிடமாயிற்றே என்று கூசி, வீட்டாரிடமும் சொல்லாமல் வருஷங்களைக் கழிப்பதுதான் இவ்வியாதியின் பெருங்கொடுமை என்பது என் திடமான அபிப்பிராயம்.

கீறிச் சீழை வெளியேற்றினால் வலி தணியும், வியாதி தணியாது. நிலக்கடலைக் கொல்லையில் எலிவளையின் ஒரு வாயை மட்டும் அடைப்பதால் என்ன பிரயோஜனம்? ஆகவே சஸ்திர வைத்தியர் மழுங்கிய முனையுள்ள மெல்லிய கம்பியைப் புரையின் வாயில் நுழைத்து, அது போகும் வழியெல்லாம் தொடர்ந்து, மேற்கூரையான சருமத்தை அகற்றி, தரையை ஆறவிடுகிறார். அக்குள் முழுவதும் புரையோடிவிட்டாலோ, நோயுற்ற சருமத்தைக் கொழுப்பு வரையில் வெட்டியெடுத்து, தொடையிலிருந்து அரை மில்லிமீட்டருக்கும் குறைவான கனத்தில் சீவிய தோலை அங்கே ஒட்டுகிறார். அத்தோல் முதல் இரண்டொரு நாள் ரணத்தில் கசியும் நீரை உறிஞ்சியே ஜீவித்திருக்கும். பின்னர் கீழிருந்து நுண்ணிய ரத்தக்குழாய்கள் வந்து இணைய, வெளிறிக் கிடந்தது இளஞ்சிவப்பாக மாறும். தோல் சீவிய தொடையோ சுமார் இரண்டு வாரத்தில் தானே மூடிக்கொள்ளும்.

2015-ல் அடாலிமுமாப் என்ற ஊசிமருந்தை இந்நோய்க்கென்று அமெரிக்கா அங்கீகரித்தது. கொதிப்பை அது அடக்கும், ஆனால் தழும்பேறி நிலைத்துவிட்ட புரைகளுக்குக் கத்தியே கதி. திருப்பதியில் 1960-ல் ஆரம்பமான ஸ்ரீ வெங்கடேசுவரா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ரூயா ஆஸ்பத்திரியும், சித்தூருக்குத் தெற்கே வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியும் இருக்க, கட்டி இரண்டாம் முறை அதே இடத்தில் வந்ததுமே சரும வைத்தியரைப் பார்த்துவிடலாம். அக்குளில் தோல் ஒட்டிய சிகிச்சைக்குப் பின் கையைத் தலைக்குமேல் தூக்கும் அப்பியாசத்தை, வைத்தியர் அனுமதித்த நாள்முதல், வலித்தாலும் விடாமல் செய்யவேண்டும். இல்லையேல் ஒட்டிய தோல் சுருங்கி, தோள் விறைத்துப்போகும்.