ஆங்கில முகாமில் ஒரு சந்தை

தென்கொரியாவில் பள்ளி விடுமுறை தொடங்கியதும் ஆங்கில முகாம்களும் தொடங்கிவிடுகின்றன. அங்கே 1997 முதல் தொடக்கப் பள்ளியின் 3-ஆம் வகுப்பிலேயே ஆங்கிலம் கட்டாயப் பாடம். எனவே நடுநிலைப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் நான்கு ஆண்டுகளாவது ஆங்கிலம் படித்தவர்கள். மாலை நேரங்களில் 'ஹாக்வான்' எனப்படும் தனிப்பயிற்சி நிலையங்களிலும் பலர் படிக்கின்றனர். தனிப்பயிற்சியை 1980-இல் இராணுவ ஆட்சி தடை செய்தது. தடை செல்லாது என அரசியல் சாசன நீதிமன்றம் 2000-இல் தீர்ப்பளித்தது. எல்லாப் பாடங்களுக்குமாகப் பெற்றோர் 2023-இல் தனிப்பயிற்சிக்குச் செலவிட்ட தொகை சுமார் 27 லட்சம் கோடி வோன்.

இத்தனைக்குப் பிறகும் முகாம் எதற்கு? தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளைகள் பலருக்கு வாய் திறக்க வரவில்லை என்பதே காரணம்.

உறவினர் வீட்டில் தங்கியிருந்த ஒரு குளிர்காலத்தில், அங்குள்ள சிற்றூர் ஒன்றின் முகாமில் இரண்டு வாரம் ஊதியமின்றி உதவியாளராக இருந்தேன். முதல் இரண்டு நாள்கள் கேள்விக்குப் பதில் புன்னகைதான். பிழை நேருமோ என்ற அச்சம் ஒரு காரணம். இன்னொன்று நமக்கு எளிதில் புரியக்கூடியது. கொரிய மொழியில் வினைச்சொல்லின் முடிவே மரியாதையைச் சுமக்கிறது. 'நீ' எனவும் 'நீங்கள்' எனவும் பிரித்துப் பேசி வளர்ந்த பிள்ளை, நரைத்த தலைக்காரரைப் பார்த்து 'யூ' என்று சொல்லத் தயங்கத்தானே செய்யும்?

மூன்றாம் நாள், நான் கல்லூரியில் பொருளாதார மாணவர்களுக்கு நடத்திவந்த ஒரு விளையாட்டைக் கையில் எடுத்தேன். ஹார்வர்டு பேராசிரியர் எட்வர்ட் சேம்பர்லின் வகுப்பறையில் செய்து பார்த்து 1948-இல் எழுதியது. அவருடைய மாணவர் வெர்னான் ஸ்மித் அதை வளர்த்தெடுத்தார், அத்துறைக்காக 2002-இல் நோபல் பரிசும் பெற்றார். வகுப்பில் பாதிப்பேர் விற்பவர்கள், பாதிப்பேர் வாங்குபவர்கள். விற்பவரின் அட்டையில் அதற்குக் கீழே இறங்கக் கூடாத விலை. வாங்குபவரின் அட்டையில் அதற்கு மேலே ஏறக் கூடாத விலை. ஒருவர் அட்டையை மற்றவர் பார்க்கக் கூடாது. ஆங்கிலத்தில் மட்டுமே பேரம்.

முதல் சுற்றில் விற்பனை ஏறக்குறைய இல்லை. இரண்டாம் சுற்றில் அறை சந்தைக்கடை ஆயிற்று. வினைச்சொல் இல்லை, காலம் இல்லை. 'டூ மச்', 'யூ டவுன்', 'லாஸ்ட் பிரைஸ்' என்றெல்லாம் கூவினார்கள். பேரம் மட்டும் பிசகாமல் படிந்தது. நான்காம் சுற்றுக்குள், பாடநூல் சொல்லும் சமநிலை விலைக்கு அருகில் ஆப்பிள் வந்து நின்றது. எதிரில் இருப்பவரிடம் நமக்குத் தெரியாத ஒன்று இருந்து, அது நமக்குத் தேவைப்படும்போதுதான் பேச்சு பிறக்கிறது. 'நேற்று நீ என்ன செய்தாய்?' என்று ஆசிரியர் கேட்பதில் அந்தத் தேவை இல்லை. பிழை திருத்தத்தை மறுநாள் காலைக்கு ஒத்திவைத்தோம்.

முகாமின் பயன் குறித்து எனக்கு ஐயமில்லை. அது யாருக்குக் கிடைக்கிறது என்பதே கேள்வி. மனைவி மக்களை ஆங்கில நாடுகளுக்கு அனுப்பிவிட்டுத் தனியே உழைத்துப் பணம் அனுப்பும் தந்தையரைக் கொரியர் 'வாத்துத் தந்தை' என்பர். அவ்வளவு வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலச் சூழல் கிடைக்கட்டும் என்றுதான் கியோங்கி மாகாண அரசு 2004-இல் ஆன்சானிலும் 2006-இல் பாஜுவிலும் 'ஆங்கில கிராமங்களை' அமைத்தது. நுழைவாயிலில் குடியேற்றச் சோதனை, உள்ளே வங்கி, அஞ்சலகம் என எல்லாம் ஆங்கிலமயம். ஆனால் அவை செலவுக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறின.

செலவை உயர்த்துவதில் விதிமுறைக்கும் பங்குண்டு. மொழி பயிற்றுவிக்கும் 'இ-2' விசா, ஆங்கிலத்துக்கென்றால் பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே. அளிப்பை இப்படிச் சுருக்கினால் ஊதியம் உயரும். விமானக் கட்டணமும் தங்குமிடமும் தனி. சிற்றூர் முகாம்கள் பிள்ளைகளின் எண்ணிக்கையையோ நாள்களையோ குறைத்துக்கொள்கின்றன. இத்தனைக்கும், நான் கண்ட முகாமில் பிள்ளைகளை அதிகம் பேசவைத்தவர் உள்ளூர்க் கொரிய ஆசிரியை ஒருவரே. எந்தச் சொல்லில் அவர்கள் தடுக்கி நிற்பார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்த வேலிக்கு ஒரு சிறு திட்டிவாசலும் உண்டு. இந்தியாவும் தென்கொரியாவும் 2009-இல் கையெழுத்திட்டு, 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விரிவான பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம், பட்டமும் ஆசிரியர் தகுதிச் சான்றும் உள்ள இந்தியர்கள் அங்குள்ள பள்ளிகளில் துணை ஆங்கில ஆசிரியர்களாகப் பணிபுரிய இடமளிக்கிறது. நம் கல்வியியல் கல்லூரிகளின் அறிவிப்புப் பலகைகளில் இதைப் பற்றி ஒரு வரிகூட நான் கண்டதில்லை.