சின்னக் கார் வாங்கப் போகிறீர்களா?

பஸ்ஸில் நெரிபட்டும் முச்சக்கர வண்டிக்குப் பணம் கொடுத்தும் அலுத்துப்போன குடும்பங்களுக்கு ஒரு சின்னக் கார் பெரிய கனவு. மாருதி 800, அல்டோ, வெகன் ஆர், மிரா போன்ற கார்களைப் பெண்கள் தாமே ஓட்டிச் செல்வதைக் காணும்போது எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் சமூகப் பணியில் நான் சந்திக்கும் சில வீடுகளில் அதே சின்னக் கார் பெருஞ்சுமையாகவும் மாறியிருக்கிறது. ஆகவே சகோதரிகளே, வாங்குவதற்கு முன் நன்மை, தீமை இரண்டையும் தராசில் வைத்துப் பார்ப்போமா?

சின்னக் காரின் கதை

ஜப்பானில் 1949ஆம் ஆண்டிலேயே சிறிய கார்களுக்கெனத் தனி வகுப்பு ஒன்று ஏற்படுத்தப்பட்டது. இன்றைய விதிப்படி அவ்வகைக் காரின் நீளம் 3.4 மீற்றரையும் அகலம் 1.48 மீற்றரையும் எஞ்சின் 660 சீசீயையும் தாண்டக்கூடாது. நால்வர் மட்டுமே பயணிக்கலாம். நம் நாட்டுக்கு வந்த ஜப்பானிய வெகன் ஆர், மிரா போன்றவை இந்த வகுப்பைச் சேர்ந்தவையே.

இந்தியாவில் 1983இல் மாருதி 800 வந்தது. ஒரே மோட்டார் சைக்கிளில் முழுக் குடும்பமும் ஆபத்தாகப் பயணம் செய்வதைப் பார்த்த ரத்தன் டாடா, ஒரு லட்சம் இந்திய ரூபாவுக்கு நனோ காரை 2008இல் அறிமுகம் செய்தார். அது இலங்கைக்கும் வந்தது. ஆனால் எதிர்பார்த்த அளவு விற்பனையாகவில்லை. 2018இல் அதன் உற்பத்தி நின்றுபோனது. மலிவு மட்டும் ஒரு காருக்குப் போதாது என்பதற்கு அதுவே சாட்சி.

நன்மைகள் எவை?

முதலாவது எரிபொருள். நாளுக்கு 20 கிலோமீற்றர் வீதம் மாதத்தில் 25 நாட்கள் ஓடினால் 500 கிலோமீற்றர். லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடும் சின்னக் காருக்கு ஏறக்குறைய 33 லீற்றர் பெற்றோல் போதும். லீற்றருக்கு 8 கிலோமீற்றர் ஓடும் வாகனத்துக்கு 62 லீற்றருக்கு மேல் வேண்டும். 2022இல் கியூ.ஆர். முறை வந்தபோது கார் ஒன்றுக்கு வாரம் 20 லீற்றர்தான் தரப்பட்டது. பெரிய கார், சின்னக் கார் என்ற பேதம் அதில் இருக்கவில்லை. அந்த 20 லீற்றரில் அதிக தூரம் போனவர்கள் சின்னக் கார்க்காரர்களே.

இரண்டாவது இட வசதி. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற இடங்களின் ஒடுங்கிய ஒழுங்கைகளில் திருப்பவும் நிறுத்தவும் இலகு. புதிதாக ஓட்டப் பழகும் பெண்ணுக்கு இது பெரிய தைரியம். மழையில் நனையாமல் பிள்ளையைப் பாடசாலையில் விடலாம். இரவில் நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லலாம்.

தீமைகள் எவை?

பாரம் குறைந்த காரும் பாரம் கூடிய வாகனமும் நேருக்கு நேர் மோதினால், அதிக அதிர்ச்சி பாரம் குறைந்த காருக்கே. அதன் முன்பகுதியும் குட்டையானது. மோதலின் வேகத்தைத் தாங்கி நசுங்க அங்கே இடம் குறைவு. 2014இல் ‘குளோபல் என்கெப்’ என்ற அமைப்பு மணிக்கு 64 கிலோமீற்றர் வேகத்தில் மோதவிட்டுப் பரிசோதித்தபோது, காற்றுப் பை இல்லாத இந்திய அல்டோ 800, நனோ ஆகிய இரண்டும் பெரியவர்களின் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. ஊருக்குள் மெதுவாக ஓடும்போது இந்தக் குறை தெரியாது. லொறிகளும் பஸ்களும் விரையும் நெடுஞ்சாலையில் அதுவே உயிர்ப் பிரச்சினை.

கடுகண்ணாவை போன்ற ஏற்றங்களில் நால்வரையும் பொதிகளையும் ஏற்றி, ஏசியையும் போட்டால் சின்ன எஞ்சின் திணறும். தாழ்வான கார் என்பதால் வெள்ளம் நிற்கும் வீதிகளிலும் கவனம் தேவை. அம்மா, அப்பா, மூன்று பிள்ளைகள், பாட்டி என்ற குடும்பத்துக்கு நால்வர் அமரும் கார் எப்படிப் போதும்? முடிவில் ஒரு பிள்ளை முன் ஆசனத்தில் தாயின் மடியில் இருக்கும். விபத்து நேர்ந்தால் தாயின் கைகளால் பிள்ளையைப் பிடித்து வைத்திருக்க முடியாது. விரியும் காற்றுப் பையின் அடியும் முதலில் அந்தப் பிள்ளைக்கே.

கடனில் மறைந்திருப்பது

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரியின் கணவர் 2019இல் லீசிங்கில் சின்னக் கார் எடுத்தார். “உங்களுக்காகத்தான்” என்று சொல்லி அவரைப் பிணையாளியாகக் கையெழுத்திட வைத்தார். அந்தச் சகோதரியிடம் சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கவில்லை. பத்திரத்தில் என்ன இருக்கிறது என்றும் அவர் வாசிக்கவில்லை. 2022 நெருக்கடியில் கணவரின் வருமானம் நின்றது. தாலிக்கொடியைத் தவிர நகையெல்லாம் அடகுக்குப் போனது. கடைசியில் காரும் போனது. மிஞ்சிய கடனுக்கான கடிதங்கள் அவர் பெயருக்கே வந்தன.

லீசிங் கடன் முடியும்வரை காரின் முழு உரிமையாளர் நிதி நிறுவனமே. 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் பழைய கார்களின் விலை ஏறியதைப் பார்த்து, “கார் ஒரு சொத்து” என்று பலர் நம்பினார்கள். 2025 பெப்ரவரியில் இறக்குமதி மீண்டும் தொடங்கியது. அந்த விலையேற்றம் எப்போதும் தொடரும் என்று எண்ணிக் கடன்படுவது புத்தியல்ல.

வாங்குமுன் செய்ய வேண்டியவை

• லீசிங் தவணை, பெற்றோல், காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, டயர், பழுதுபார்ப்பு எல்லாவற்றையும் கூட்டி மாதச் செலவை எழுதுங்கள். ஒரு சம்பளம் நின்றாலும் சமாளிக்க முடியுமா என்று பாருங்கள்.

• சாவியைத் திருப்பியதும் காற்றுப் பையின் எச்சரிக்கை விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும், அணையாமல் இருந்தாலும் நம்பிக்கையான மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

• எல்லா ஆசனங்களிலும் ஆசனப் பட்டி வேலை செய்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். பிள்ளைகளைப் பின் ஆசனத்தில் இருத்துங்கள்.

• பிணைக்குக் கையெழுத்திடுமுன் பத்திரத்தை முழுமையாக வாசியுங்கள். புரியாவிட்டால் விளக்கம் கேட்டபின் கையெழுத்திடுங்கள்.

வேலைக்கும் பாடசாலைக்கும் சந்தைக்குமாக ஊருக்குள் ஓட, மூன்று நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்குச் சின்னக் கார் நல்ல துணை. வாராவாரம் தூரப் பயணம் போகும் பெரிய குடும்பத்துக்கு அது பொருந்தாது. உங்கள் பெயரில் கடன் இருந்தால், காரின் சாவியும் அதை ஓட்டும் திறமையும் உங்களிடம் இருக்கட்டும்.