கைப்பேசிக்கு வெளியே – 11: துட்டி கேட்கப் போனேன்

கூடப் படித்தவனின் அம்மா தவறிப்போன செய்தி விடியற்காலையில் எங்கள் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. நான் பார்க்கும்போது மணி ஏழு. அதற்குள் கும்பிடும் கைகளும் 'ஆழ்ந்த இரங்கல்'களும் முப்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டன. நானும் போட்டேன். முந்தினவர் எழுதியிருந்ததை அப்படியே எடுத்து ஒட்டினேன். அந்த அம்மா கையால் எத்தனை நாள் பழைய சோறும் சுண்டின மீன்குழம்பும் சாப்பிட்டிருக்கிறேன்! எனக்கென்று ஒரு வரி எழுத அன்று நேரமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பது மணி வாக்கில் அதே குழுவில் ஒருவர் ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம் அனுப்பினார். அதற்கும் கும்பிடும் கைகள் வந்தன. சாவுக்கு வந்த அதே கைகள்.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தினமும் அனுப்புகிறவர், அன்றும் அனுப்பினார். மேலே மேலே ஓடிக்கொண்டிருக்கும் திரையில் சாவுக்கும் ரோஜாவுக்கும் ஒரே அளவு இடம்தான். அதைப் பார்த்துப் பார்த்து நம் மனசும் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு இடம் ஒதுக்கப் பழகிவிடுகிறது. எனக்குப் பயமெல்லாம் அதில்தான்.

அமெரிக்காவில் எரிக் மேயர் என்று ஒருவர். இணையப் பக்கங்களின் தோற்றத்தை வடிவமைக்கும் சிஎஸ்எஸ் பற்றி அவர் எழுதிய புத்தகங்களைப் படித்து வேலை கற்றவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். 2014 ஜூனில் அவருடைய மகள் மூளைப் புற்றுநோயில் இறந்தாள். அன்றுதான் அவளுடைய ஆறாவது பிறந்தநாள். அந்த டிசம்பரில் ஃபேஸ்புக், ஒவ்வொருவரின் ஆண்டையும் படங்களாகக் கோத்து, கொண்டாட்ட அலங்காரத்தோடு அவரவர் பக்கத்தில் காட்டியது. மேயரின் பக்கத்தில் வந்தது மகளின் முகம். சுற்றிலும் ஆடிப்பாடும் பொம்மைகள். உன் வருடம் இப்படித்தான் இருந்தது, பார் என்று ஒரு வாசகம்.

அவர் அதைத் தேடிப் போகவில்லை, அது அவரைத் தேடி வந்தது. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை என்பதையும் அவரே எழுதினார். நல்ல வருடம் கண்ட பெரும்பாலோருக்குச் சரியாக வேலை செய்யும் ஏற்பாடு, பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனிடமும் அதே வேலையைச் செய்தது. ஃபேஸ்புக் தரப்பில் மன்னிப்புக் கேட்டார்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று இயந்திரம் எண்ணும். பார்த்தவர்கள் சிரித்தார்களா அழுதார்களா என்பது அந்தக் கணக்கில் வராது.

அந்தச் சிறுமிக்கு ஊதா நிறம் பிடிக்கும். அவள் போன அதே மாதம், மேயரின் துறையில் இருப்பவர்கள் சேர்ந்து சிஎஸ்எஸ் மொழியில் ஓர் ஊதா நிறத்துக்கு அவள் பெயரை வைத்தார்கள்: ரெபெக்காபர்ப்பிள். இன்று எந்த நாட்டில் யார் இணையப் பக்கம் கட்டினாலும் அந்தப் பெயரை எழுதினால் அந்த நிறம் வரும். இதுவும் கணினிக்குள் நடந்ததுதான். ஆனால் யார் செத்தது, அவளுக்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்தவர்கள் செய்தது.

ஃபேஸ்புக்கில் லைக் பொத்தான் வந்தது 2009-இல். சோகத்துக்கென்று ஒரு முகம் வர 2016 ஆயிற்று. இடைப்பட்ட ஏழு வருடமும் பொத்தானை மட்டும் அமுக்குகிறவர்கள் சாவுச் செய்திக்கும் கட்டைவிரலைத்தான் தூக்கினார்கள். 2022-இல் வாட்ஸ்அப்பிலும், வந்த செய்திமேல் ஒரு முகத்தை ஒட்டிவிட்டுப் போகும் வசதி வந்துவிட்டது.

போனையே குறை சொல்ல நான் வரவில்லை. 2020 ஊரடங்கில் இறுதிச் சடங்குக்கு இருபது பேருக்கு மேல் கூடாது என்றிருந்தபோது, அப்பா முகத்தைப் போனில் கடைசியாகப் பார்த்த பிள்ளைகள் எத்தனை பேர்! வளைகுடாவில் இருப்பவனுக்கு இன்றைக்கும் அதுதான் வழி. எனக்கு அப்படி எந்தத் தடையும் இல்லை. மதுரையிலிருந்து சங்கரன்கோவில் பஸ் பிடித்தால் போதும்.

சாவுச் செய்தி வந்த அன்று இரவு அம்மாவிடம், "குரூப்ல சேதி போட்டுட்டேம்மா" என்றேன்.

"சேதி சொல்றது துட்டி வீட்டுக்காரங்க வேலைல்லா?" என்றாள் அம்மா. "நம்ம வேலை போறது."

மூன்றாம் நாள் போனேன். சாமியானாவைப் பிரித்திருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி ஓரமாக வைத்திருந்தார்கள். எங்கள் பக்கம் துட்டி, அதாவது துக்கம், கேட்க வரும் ஆண்கள் பேசமாட்டார்கள், இரண்டு கையையும் நீட்டுவார்கள். வீட்டு ஆண்கள் வரிசையாக எழுந்து அந்தக் கைகளைத் தொட்டு வாங்குவார்கள். நீட்டினேன். மொட்டையடித்த தலையோடு நின்றவன் தொட்டான், விடவில்லை. அவன் உள்ளங்கை சுட்டது, காய்ச்சலோ என்னவோ.

உட்கார்ந்த பிறகு அவனாகவே ஆரம்பித்தான். "கடைசி ரெண்டு நாளா ஆளே தெரியலடே. தண்ணி கொடுக்கேன், என்னைய 'நீங்க யாரு அண்ணாச்சி'ன்னு கேக்கா." இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தான். கொஞ்ச நேரம் கழித்து அதையே மறுபடி சொன்னான், அப்போது சிரிக்கவில்லை. மூன்றாம் தடவையும் சொன்னான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை, அவனும் எதிர்பார்க்கவில்லை. முக்கால் மணி நேரம் இருந்திருப்பேன். நடுவில் அவன் தங்கச்சி கடுங்காப்பி கொண்டுவந்து வைத்தாள். என்னை அடையாளம் தெரிந்து, "அம்மா ஒங்கள அடிக்கடி கேப்பாண்ணே" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

துட்டி வீட்டில் 'வாறேன்' என்று சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன்.

பஸ்ஸில் உட்கார்ந்து குழுவைத் திறந்து, மூன்று நாளைக்கு முன்னால் நான் போட்டதைத் தேடினேன். ரோஜாப்பூ, கிரிக்கெட், சர்க்கரைக்கு ஒரு கைவைத்தியம், யாருடைய பேத்திக்கோ பிறந்தநாள் என்று எல்லாவற்றையும் தள்ளித் தள்ளி ராஜபாளையம் தாண்டும்போது கண்ணில் பட்டது. அதில் அந்த அம்மாவின் பெயர்கூட இல்லை.

(தொடரும்)